கெண்டையைப் போட்டு வராலை இழுக்கப் போனவர்கள்

கெண்டையைப் போட்டு வராலை இழுப்பது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். தூண்டில்காரனுக்கு அது சாமர்த்தியம். ஆனால் கெண்டையையும் விட்டு, தூண்டிலையும் விட்டு, வராலும் அகப்படாமல் வெறுங்கையோடு கரையில் நிற்பவனை என்னவென்று சொல்வது? அமெரிக்க அரசாங்கத்தின் இலாகா ஒன்று 2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2011 ஜனவரி வரை இந்தக் காரியத்தைத்தான் செய்தது. அது தூண்டிலில் கோர்த்தது மீன் அல்ல, துப்பாக்கிகள். ஒன்றிரண்டு அல்ல, ஏறக்குறைய 2,000.

பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகளின் சரக்குதான் தன் மக்களைக் கொல்கிறது என்று மெக்சிகோ அரசு 2021இல் அமெரிக்கக் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டது. 2025 ஜூன் மாதம் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கை ஒருமனதாகத் தள்ளிவிட்டது. கம்பெனிகள் மீது வழக்குத் தொடர முடியாதபடி 2005இல் செய்யப்பட்ட சட்டம் குறுக்கே நிற்கிறது என்பது தீர்ப்பு. அந்தச் சட்டம் எப்படி வந்தது, யார் கேட்டு வந்தது என்று பார்க்கப் போனால், இந்தப் பழைய கதையின் வேரில்தான் போய் நிற்போம்.

நடந்தது என்ன?

மது, புகையிலை, துப்பாக்கி, வெடிமருந்து ஆகிய நான்கையும் கவனிக்க அமெரிக்காவில் ஒரு மத்திய இலாகா உண்டு. ஏ.டி.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் கிளை ஒன்று அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் இருக்கிறது. மெக்சிகோ எல்லைக்குச் சில மணி நேரப் பயண தூரம். எல்லைக்கு அப்பால் 2006 டிசம்பர் முதல் போதைமருந்துக் கும்பல்களுக்கும் ராணுவத்துக்கும் இடையே ஒரு யுத்தமே நடந்து கொண்டிருந்தது. கும்பல்களுக்குத் துப்பாக்கி வேண்டும். மெக்சிகோவில் பொதுமக்களுக்குத் துப்பாக்கி விற்க ராணுவம் தலைநகரில் நடத்தும் கடை ஒன்றுதான் நெடுங்காலம் இருந்தது. எல்லைக்கு இப்பாலோ கடைக்குக் கடை துப்பாக்கி. ஆகவே கும்பல்காரர்கள் அமெரிக்கப் பிரஜைகளில் சிலரைப் பிடித்து, கையில் பணத்தைக் கொடுத்து, கடைக்கு அனுப்பினார்கள். நம் பாஷையில் சொன்னால் பினாமிகள். வாங்குபவர் ஒருவர், வைத்துக் கொள்பவர் வேறொருவர்.

வழக்கமாக இப்படிப்பட்ட பினாமி கடையை விட்டு வெளியே வந்ததும் அவனைப் பிடித்து விசாரிப்பார்கள், சரக்கைப் பறிமுதல் செய்வார்கள். பீனிக்ஸ் அதிகாரிகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சின்னப் பினாமியைப் பிடித்து என்ன பயன்? அவன் போனால் இன்னொருவன் வருவான். துப்பாக்கியைப் போக விட்டால், அது போய்ச் சேரும் பெரிய கும்பலையே வளைத்து விடலாம். சந்தேகப்பட்டவர்களில் சிலர் கார்ப் பந்தயப் பிரியர்கள் என்பதால், அப்படிப்பட்ட ஒரு சினிமாவின் பெயரையே இந்த நடவடிக்கைக்கு வைத்தார்கள்: 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்'.

வாங்கியவர்கள் யார் என்று தெரியும். எந்தக் கடை என்று தெரியும். ஒவ்வொரு துப்பாக்கியின் நம்பரும் பதிவேட்டில் ஏறியது. ஒரே ஆள் 700க்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கினான். இத்தனைக்கும் அவன் அரசாங்க உணவு உதவி பெற்றுக் கொண்டிருந்த ஏழை. மொத்தச் சரக்கின் விலை சுமார் 15 லட்சம் டாலர். ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் மட்டுமல்ல, மைல் கணக்கில் சுடக்கூடிய 50 காலிபர் ரைபிள்களும் அதில் உண்டு. இவற்றில் இலாகா தானே பறிமுதல் செய்தது சுமார் நூறுதான். மற்றவை போயின.

ரயில்வே பார்சல் ஆபீஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள கேடு சட்டென்று விளங்கும். பார்சலுக்கு நம்பர் போட்டு ரசீதும் எழுதியாயிற்று. ஆனால் வண்டியில் கூடப் போகிற கார்டு இல்லை, இறங்குகிற ஸ்டேஷனுக்குத் தந்தியும் இல்லை. அப்புறம் அந்த நம்பரால் என்ன பிரயோஜனம்? பார்சல் எங்கேயாவது கண்டெடுக்கப்பட்டால், அது நம் ஸ்டேஷனில் ஏறியதுதான் என்று சொல்ல உதவும். அவ்வளவுதான். பீனிக்ஸ் ஆபீஸ் பதிவேடும் அப்படியே ஆயிற்று. கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்த பிறகு, 'ஆம், எங்கள் கணக்கில் உள்ளதுதான்' என்று சொல்லவே அது பயன்பட்டது. இறங்குகிற ஸ்டேஷனான மெக்சிகோ அரசுக்கோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்தப் பெரிய மீன்களுக்காக இந்தத் தூண்டில் போடப்பட்டதோ, அவர்கள் இன்னொரு மத்திய இலாகாவான எஃப்.பி.ஐ.யின் தகவலாளிகள் என்பது பிறகு காங்கிரஸ் விசாரணையில் வெளியாயிற்று. ஒரு ஆபீஸ் தேடியவர்கள் பக்கத்து ஆபீஸ் பட்டியலில் இருந்திருக்கிறார்கள்.

எச்சரித்தவர்களுக்குக் கிடைத்த பதில்

இது அபாயம் என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. முதலில் தோன்றியது கடைக்காரருக்கு. இலாகா கேட்டுக் கொண்டதால் விற்றுக் கொண்டிருந்த ஒரு துப்பாக்கி வியாபாரி, இந்தத் துப்பாக்கிகள் எல்லை தாண்டிப் போய்விடக் கூடாதே, எல்லைக் காவலில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்களே என்று 2010 ஜூன் மாதமே இலாகாவுக்கு எழுதிக் கேட்டார். லாபம் பார்க்கிற வியாபாரிக்கு வந்த கவலை சம்பளம் வாங்குகிற மேலதிகாரிக்கு வரவில்லை.

களத்தில் இருந்த ஊழியர்களுக்கும் தோன்றியது. கண்ணெதிரே காரில் ஏறிப் போகும் துப்பாக்கிகளைப் பின்தொடராதே, திரும்பி வா என்ற உத்தரவைக் கேட்டு அவர்களில் சிலர் கொதித்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் எழுதிய கடிதம் பிறகு அம்பலமாயிற்று. இந்த வேலை பிடிக்காவிட்டால் மாவட்டச் சிறையில் கைதிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை காலியாக இருக்கிறது, லட்சம் டாலர் சம்பளத்துக்குப் பதில் முப்பதாயிரம் டாலர் கிடைக்கும் என்பது அதன் சாரம். 

இந்த வாசகத்துக்கு அர்த்தம் கேட்க நம்மவர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றி விடுவேன் என்ற மிரட்டலை எந்த ஆபீஸிலும் கேட்கலாம். கீழே இருப்பவன் சரியானதைச் சொல்லும் போது, மேலே இருப்பவர் வாதத்துக்குப் பதில் சொல்வதில்லை. வயிற்றைத்தான் தொட்டுக் காட்டுகிறார்.

ஒரு காவலரின் மரணம்

2010 டிசம்பர் 14ஆம் தேதி இரவு. அரிசோனாவின் ரியோ ரிக்கோ ஊருக்கு அருகே ஒரு மலைப் பள்ளத்தாக்கில், கடத்தல்காரர்களை மறித்துக் கொள்ளையடிக்கும் கும்பலைத் தேடி எல்லைக் காவல் படையினர் சிலர் காத்திருந்தனர். துப்பாக்கிச் சண்டை மூண்டது. பிரையன் டெர்ரி என்ற 40 வயதுக் காவலர் குண்டடிபட்டு இறந்தார். அந்த இடத்தில் இரண்டு ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் கிடைத்தன. நம்பரைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் இலாகாவின் கண்ணெதிரே ஒரு பினாமி வாங்கிப் போனவை. டெர்ரியின் உடலில் பாய்ந்த குண்டு அந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் வந்தது என்று பரிசோதனையில் உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் அவை அங்கே இருந்தன என்பதை மறுக்க யாராலும் முடியாது.

அதன் பிறகுதான் பினாமிகள் மீது குற்றப்பத்திரிகை தயாராயிற்று. 2011 ஜனவரியில் 20 பேர் மீது வழக்கு. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பிடித்த வரால்கள் யார் என்று பார்த்தால், முதல் நாளே பெயர் தெரிந்திருந்த அதே கெண்டைகள்!

இலாகா ஊழியரான ஜான் டாட்சன் என்பவர் பொறுக்க முடியாமல் செனட்டர் சார்லஸ் கிராஸ்லியிடம் விஷயத்தைச் சொன்னார். 2011 மார்ச் மாதம் டெலிவிஷனிலும் தம் முகத்தைக் காட்டியே பேசினார். இடையில் கிராஸ்லி நீதி இலாகாவுக்கு எழுதிக் கேட்டிருந்தார். 2011 பிப்ரவரி 4ஆம் தேதியிட்ட பதில் வந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, கள்ளத்தனமாக வாங்கப்படும் துப்பாக்கிகள் மெக்சிகோ போகாமல் தடுக்க எல்லா முயற்சியும் எடுக்கிறோம் என்றது அந்தக் கடிதம். பத்து மாதம் கழித்து, டிசம்பர் 2ஆம் தேதி, அதில் தவறான தகவல் இருக்கிறது என்று சொல்லி அந்தக் கடிதத்தையே வாபஸ் வாங்கினார்கள்.

என் அபிப்பிராயத்தில் இந்த விவகாரத்தின் மிகப் பெரிய குற்றம் இந்தக் கடிதம்தான். தவறான யோசனை எந்த ஆபீஸிலும் தோன்றக்கூடும். தோன்றிய தவறை அரசாங்க முத்திரை வைத்த காகிதத்தில் இல்லையென்று எழுதுவது வேறு ஜாதி. ஆபீஸில் ஒரு தப்பு நடந்தால் அதைத் திருத்தலாம். ஆபீஸ் பொய் சொல்லிவிட்டால், அதன் பிறகு அது சொல்லும் உண்மையையும் எவரும் நம்ப மாட்டார்கள். அதன் பலனை அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்கா அனுபவித்தது.

சங்கம் கட்டிப் போட்ட கை

இனி மறுபக்கம். இந்த விவகாரம் வெடித்ததும் இலாகாவை மிகக் கடுமையாகத் தாக்கியது தேசிய ரைபிள் சங்கம். என்.ஆர்.ஏ. என்றால் உலகத்துக்கே தெரியும். 1871இல், உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லையே என்று வருந்திய இரண்டு முன்னாள் ராணுவ அதிகாரிகள் நியூயார்க்கில் தொடங்கியது அது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள், குறிபார்ப்பவர்கள் சங்கமாகவே இருந்தது. 1977இல் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் தீவிரவாதப் பிரிவினர் ஒரே இரவில் நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். அது முதல் சட்டசபைக்கு யார் போக வேண்டும், யார் போகக் கூடாது என்று மார்க்குப் போடும் சங்கமாக அது மாறியது.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791ஆம் ஆண்டு முதல் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. 2008இல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தனி மனிதனின் உரிமையே என்று தீர்ப்பளித்தது. அது அவர்கள் நாட்டுச் சட்டம். தேவையா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் உரிமை வேறு, உரிமையின் பெயரால் கணக்குப் புத்தகத்தையே கிழிப்பது வேறு. சங்கம் செய்தது இரண்டாவது.

துப்பாக்கிகளையும் உடைமையாளர்களையும் ஒரே பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வழக்கமான சோதனை போடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் இலாகாவின் துப்பாக்கி தேடும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. மூடப்பட்ட கடைகளின் பழைய ரசீதுகள் அங்கே பெட்டி பெட்டியாகக் குவிகின்றன. பெயரைத் தட்டினால் விவரம் வரும்படி கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு அனுமதி இல்லை. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியைப் பற்றி அறிய, முதலில் தயாரித்த கம்பெனிக்குப் போன் செய்து, பிறகு மொத்த வியாபாரிக்கு, பிறகு சில்லறைக் கடைக்கு என்று போய், கடைக்காரர் தன் நோட்டைப் புரட்டிச் சொல்ல வேண்டும். சந்திரனில் கால் வைத்த தேசத்தில், வேண்டுமென்றே செய்து வைத்த ஏற்பாடு இது! இலாகாவின் தலைவரை செனட் சபை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2006இல் ஒரு விதி வந்தது. அதன் பிறகு 2013 ஜூலை வரை அந்த நாற்காலியில் தற்காலிகத் தலைவர்கள்தான். மேலே எவரையும் நிரந்தரமாக உட்கார விடாமல், கீழே எவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று குறை சொன்னால் எப்படி?

இன்னும் முக்கியமான விஷயம், துப்பாக்கிக் கடத்தல் என்று தனியே ஒரு மத்தியக் குற்றமே அப்போது சட்டப் புத்தகத்தில் இல்லை. பினாமியைப் பிடித்தால், வாங்கும் போது நிரப்பிய படிவத்தில் 'எனக்காகத்தான் வாங்குகிறேன்' என்று பொய் எழுதியதாகத்தான் வழக்குப் போட முடியும். படிவத்தில் பொய் எழுதியவனுக்கு எந்த ஜூரி கடும் தண்டனை கொடுக்கும்? வக்கீல்கள் வழக்கை எடுக்கவே தயங்கினார்கள். நேர் வழி அடைபட்டதால்தான் குறுக்கு வழி புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நான் இதை இலாகாவுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. நேர் வழியை அடைத்தவர்களுக்கும் பழியில் பங்கு உண்டு என்றே சொல்கிறேன்.

2011 கோடையில் இலாகா ஒரு சிறு விதி கொண்டு வந்தது. எல்லையோர நான்கு மாநிலங்களில், ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரே ஆள் குறிப்பிட்ட ரக ரைபிள்கள் இரண்டோ அதற்கு மேலோ வாங்கினால் கடைக்காரர் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். விற்காதே என்று சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. அதையும் எதிர்த்து, சங்கத்தின் ஆதரவோடு கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு கையால் இலாகாவைப் பார்த்து 'துப்பாக்கியை ஏன் போக விட்டாய்' என்று அடிப்பது, மறு கையால் துப்பாக்கி போகிறதென்று தெரிவிக்கும் காகிதத்தைப் பிடுங்குவது. கோர்ட் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை என்பது ஆறுதல்.

ஊர் இரண்டுபட்டால்

பிறகு நடந்தது கட்சிச் சண்டை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக ஒபாமா அரசே திட்டமிட்டுச் செய்த சதி இது என்று சங்கத்தின் தலைவர்கள் பிரசாரம் செய்தார்கள். குடியரசுக் கட்சியினர் நடத்திய விசாரணையில் சில காகிதங்களைத் தர மறுத்து, ஜனாதிபதியின் தனி அதிகாரத்தைக் காட்டி அரசு அவற்றைப் பூட்டி வைத்தது. 2012 ஜூன் 28ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் சபையை அவமதித்ததாக 255க்கு 67 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. பதவியில் இருக்கும் மந்திரி ஒருவர் மீது அப்படித் தீர்மானம் நிறைவேறியது அமெரிக்கச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. ஓட்டெடுப்புக்கு முன்பே, இதற்கும் மார்க்குப் போடுவோம் என்று ரைபிள் சங்கம் அறிவித்திருந்தது. ஜனநாயகக் கட்சியினர் 17 பேர் தங்கள் கட்சி மந்திரிக்கு எதிராகக் கை தூக்கினார்கள். அக்கட்சியினர் பலர் வெளிநடப்புச் செய்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் நீதி இலாகாவின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 471 பக்க அறிக்கை கொடுத்தார். 14 அதிகாரிகள் மீது குறை கண்டது அது. ஹோல்டருக்கு 2011க்கு முன் இது தெரிந்திருந்ததற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. புஷ் ஆட்சியில் 2006-07இல் டூசான் நகரில் இதே போல 400க்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விட்ட கதையையும் அது விவரித்தது. ஆக, இது ஒரு கட்சியின் சதி அல்ல. இரண்டு கட்சி ஆட்சியிலும் ஒரே ஆபீஸ் செய்த ஒரே தவறு. முதல் தவறுக்குக் கணக்குக் கேட்டிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளே ஊரை இரண்டாக்கினார்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறி ஆறு மாதம் ஆவதற்குள், 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாங்குபவனின் பின்னணியைப் பரவலாகச் சரிபார்க்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட் சபைக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அறுபது வேண்டும் என்ற நடைமுறையால் தோற்றது. ஒரு காவலரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஊர்வலம் வந்தவர்களில் எத்தனை பேர் அந்த 20 சின்னப் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள்?

கணக்கில் வராத பிணங்கள்

பிரையன் டெர்ரியின் பெயராவது உலகத்துக்குத் தெரியும். எல்லைக்கு அப்பால் இறந்தவர்களின் பெயர் எந்தத் தீர்மானத்திலும் ஏறவில்லை. சிவாவா மாநிலத்தில் முன்னாள் தலைமை அரசு வக்கீலின் சகோதரர் 2010இல் கடத்திக் கொல்லப்பட்டார். அவரைக் கடத்தியவர்களிடம் பிடிபட்ட துப்பாக்கிகளில் இரண்டு பீனிக்ஸ் கணக்கைச் சேர்ந்தவை. 2016 ஜனவரியில் 'எல் சாப்போ' என்ற பெரும் கடத்தல் தலைவன் பிடிபட்ட வீட்டில் இருந்த 50 காலிபர் ரைபிளும் அதே கணக்கில் போனதுதான் என்று அமெரிக்க நீதி இலாகாவே ஒப்புக்கொண்டது. 2012 தொடக்கத்தில் கணக்குப் பார்த்த போது, இரண்டு நாடுகளிலுமாகத் திரும்பக் கிடைத்தவை 700 சொச்சம். மற்றவை இன்னும் யார் கையிலாவது இருக்கலாம். துப்பாக்கி கெட்டுப் போகிற சரக்கல்ல. எண்ணெய் போட்டு வைத்தால் பேரன் காலம் வரை சுடும்.

மெக்சிகோவில் 2009 முதல் 2014 வரை பிடிபட்டு, எங்கிருந்து வந்தவை என்று தேடிப் பார்க்கப்பட்ட துப்பாக்கிகளில் 70 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகமே சொன்னது. பிடிபட்டவை எல்லாம் தேடிப் பார்க்கப்பட்டவை அல்ல என்று சங்கத்தார் வாதம் செய்வார்கள். சரி, பாதியென்றே வைத்துக் கொள்ளுங்கள். பாதி போதாதா?

நமக்கென்ன?

அமெரிக்காக்காரன் அடித்துக் கொண்டால் மும்பையில் சீட்டுக் கட்டிச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1993 மார்ச் 12ஆம் தேதியை இந்த நகரத்துத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. 257 பேர் மாண்ட அந்தக் குண்டுவெடிப்புகளுக்கான வெடிமருந்தும், கூடவே ஏ.கே. துப்பாக்கிகளும் ராய்கட் கடற்கரையில்தான் இறங்கின. பார்த்துக் கொண்டிருக்க வேண்டிய சுங்க அதிகாரிகளும் போலீஸ்காரர்களும் கண்ணை மூடிக் கொண்டார்கள். அவர்களில் பலரைத் தடா கோர்ட் தண்டித்தது. இங்கே லஞ்சத்துக்காகக் கண்ணை மூடினார்கள். அங்கே பெரிய கேஸ் பிடித்துப் பெயர் வாங்குவதற்காகக் கண்ணை மூடினார்கள். செத்தவனுக்கு இதில் என்ன வித்தியாசம்?

வேலியே பயிரை மேயும் கதை அதோடு முடியவில்லை. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் தகுதி பாராமல் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. மாவட்ட நிர்வாகத்தின் கையெழுத்தும் முத்திரையும் கடைச்சரக்காகிவிட்டன என்பது புகார். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. சட்டம் கடுமைதான். ஆனால் ஜெனீவாவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்களிடம் 7 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருக்கின்றன. பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. சட்டம் இல்லாத இடத்தில் அமெரிக்கா தவித்தது. சட்டம் இருந்தும் கையெழுத்து விலை போனால் நாமும் அதே கரையில்தான் நிற்போம்.

அமெரிக்காவில் ஒரு நல்ல காரியம் தாமதமாகவேனும் நடந்தது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த மாதமே ஒரு சட்டம் வந்தது. பினாமியாகத் துப்பாக்கி வாங்குவதும் துப்பாக்கி கடத்துவதும் தனிக் குற்றங்கள் ஆயின. 15 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டம் 2009இல் இருந்திருந்தால் பீனிக்ஸ் அதிகாரிகளுக்கு மீன் பிடிக்கும் யோசனை தோன்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பினாமியையே முதல் நாளே உள்ளே தள்ளியிருக்கலாம். பதின்மூன்று ஆண்டு தாமதத்துக்குக் கொடுத்த விலைதான் அதிகம். ரைபிள் சங்கத்தின் பிரதாபமும் இப்போது பழையபடி இல்லை. அதை முப்பது ஆண்டுக்கு மேல் ஆட்டி வைத்த வேய்ன் லாபியர் சங்கத்தின் பணத்தைத் தம் சுகபோகத்துக்குச் செலவழித்தார் என்று 2024இல் நியூயார்க் ஜூரி கண்டு, 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னது. மக்களின் உரிமைக்காகவே மூச்சு விடுவதாகச் சொன்னவர், சந்தா கட்டிய உறுப்பினர்களின் பணத்தில்தான் பறந்து கொண்டிருந்தார்.

எந்த ஆட்சியானாலும் இந்த விவகாரத்திலிருந்து மூன்று விஷயங்களைப் பிடித்துக் கொள்ள வேண்டும். ஒன்று, ஆயுதத்தைத் தூண்டில் இரையாக்கும் அதிகாரம் எந்த இலாகாவுக்கும் இருக்கக் கூடாது. கள்ள நோட்டைப் பின்தொடரலாம், தங்கத்தைப் பின்தொடரலாம். அவை கைமாறினால் பணம்தான் நஷ்டம். துப்பாக்கி கைமாறினால் உயிர் நஷ்டம். இரண்டு, களத்தில் நிற்கும் கடைநிலை ஊழியன் 'இது தவறு' என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் அவனுடைய மேலதிகாரியைத் தாண்டி இன்னொருவர் மேஜைக்குக் கட்டாயம் போக வேண்டும். டாட்சனும் அவர் நண்பர்களும் சொன்னதை 2010இலேயே ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. மூன்று, சட்டசபையில் கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் எழுதியவர் எவ்வளவு பெரியவராயினும் அந்த நாற்காலியில் மறுநாள் உட்காரக் கூடாது.

பதிவேட்டில் நம்பர் எழுதுவது காவல் ஆகாது. நம்பர் எழுதிய கைக்கே பொறுப்பும் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு இல்லாத ஆபீஸும், அந்தப் பதிவேட்டையே கிழிக்கச் சொல்லும் சங்கமும் ஒன்றையொன்று பழித்துக் கொண்டே ஒன்றையொன்று வாழ வைத்தன. நடுவில் செத்தவர்களில் ஒருவர் கூட இரண்டு பக்கத்திலும் கூலி வாங்கியவர் அல்ல.